நோயில்லாத பிள்ளைக்கு எதுக்கு டிபி மாத்திரை?

கணவருக்கு டிபி. மூன்று வயது மகளுக்கும் ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட் கொடுக்கச் சொல்கிறார்கள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கா, பிசிஜி ஊசியும் போட்டாச்சே" என்கிறார் மாமியார். – குளச்சல்

மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான டிபிக்குத்தான் பிசிஜி நல்ல காவல். எல்லா டிபியையும் அது தடுக்காது. அப்பாவுக்கு நோய் தெரியவரும் முன்பே பிள்ளை அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருப்பாள். கிருமி உள்ளே போயிருந்தால், ஐந்து வயதுக்குள் அது நோயாக மாறும் வாய்ப்பு அதிகம். அப்படி மாறாமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை; நோய் இல்லை என்று பரிசோதித்த பிறகே கொடுப்பார்கள். அடுத்த முறை மாமியாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பகலெல்லாம் பிள்ளை அவரிடம் என்றால், அவர் மனசு வைக்காமல் ஆறு மாதம் ஓடாது.

ஒன்றரை வயது மகன் ஐசோனியசிட் மாத்திரையைத் துப்புகிறான். பால் பாட்டிலில் கலக்கலாமா? – கருங்கல்

வேண்டாம். பாதியில் பாட்டிலைத் தள்ளிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று கணக்கே இருக்காது. பொடித்து ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரையுங்கள். அல்லது மசித்த ஏத்தன் பழத்தில் ஒரே வாயாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுக்கும் நேரத்தில் புதிதாகக் கலக்க வேண்டும், கலந்து வைக்கக் கூடாது. வெறும் வயிற்றில் மருந்து நன்றாகச் சேரும். குமட்டினால் கொஞ்சம் கஞ்சிக்குப் பிறகு தரலாம், தவறில்லை.

நம் ஊரில் மூக்கைப் பொத்தி ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. புரையேறும், செய்யாதீர்கள். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுங்கள். அதற்குப் பிறகு என்றால் மறுநாள் போதும்.

அப்புறம், 'மிட்டாய்' என்று ஏமாற்றிக் கொடுக்காதீர்கள். பிள்ளை தானே எடுத்து அள்ளித் தின்றால் வலிப்பு வரும். மாத்திரை உயரத்தில் இருக்கட்டும்.

ஐந்து வயது மகளுக்கு வாரம் ஒருமுறை மாத்திரை. ஊர்த் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போனதில் ஞாயிறு விட்டுப்போச்சு. – தூத்தூர்

ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்த 12 வார கோர்ஸ் அது. திங்கள், செவ்வாயில் நினைவு வந்தால் உடனே கொடுத்துவிட்டு ஞாயிறையே தொடருங்கள். வியாழனில்தான் நினைவு வந்தது என்றால் அன்று கொடுங்கள், இனி வியாழன்தோறும். சேர்த்து இரண்டு வேளை கூடாது. தினசரி மாத்திரையிலும் அப்படியே; பல நாள் விட்டிருந்தால் சுகாதாரப் பணியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போனில் அலாரம் வைத்தால் அந்தப் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. சுவர் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

அதே மாத்திரைதான் என் மகனுக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. – தக்கலை

அது ரிஃபாபென்டினின் நிறம், பயமில்லை. சாப்பாட்டை வெறுத்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, கண் மஞ்சளித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். இருமல், காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டினாலோ எடை ஏறாவிட்டாலோ மறுபடி டிபி பரிசோதனை வேண்டும்.