மலையேற்றத்துக்கும் கேம்பிங்குக்கும் எடுத்துப்போகிற மாதிரி எடை குறைந்த காற்றாலை ஒன்றை நாமே வடிவமைக்க முடியுமா?

முடியும். நான் இரண்டு செய்தேன். முதலாவது ஒரு எல்இடியைக்கூட எரிய வைக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன், முதலில் கணக்கு.

காற்றில் இருக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடியாக ஏறும். 40 செ.மீ. விட்டமுள்ள விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 4 மீட்டர் காற்று, அதாவது இலைகளும் சின்னக் குச்சிகளும் விடாமல் அசைகிற அளவு. அந்த வட்டத்தைக் கடக்கும் காற்றில் இருப்பதே சுமார் 5 வாட். எவ்வளவு நல்ல இறக்கையும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது பெட்ஸ் வரம்பு. கையால் செதுக்கிய இறக்கை 25 சதவீதம் எடுத்தாலே பெரிய விஷயம். மோட்டார், டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இழப்பெல்லாம் போக முக்கால் வாட் மிஞ்சும். 5000 எம்ஏஎச் போன் பேட்டரி ஏறக்குறைய 19 வாட்-மணி. ஆக, ஒரு முழு நாளுக்கும் மேல் காற்று ஓயாமல் வீச வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் காற்றில் அதே விசிறி எட்டு மடங்கு, 6 வாட் தரும். ஆனால் நாம் டென்ட் போட காற்று படாத ஒதுக்குப்புறமாகத்தானே தேடுவோம்!

சரி, அந்த முதல் காற்றாலை. கைவசம் கிடந்த டிரோன் மோட்டாரைப் போட்டேன், 1000 கேவி. இந்தக் கேவி கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. அதை ஜெனரேட்டராகப் பயன்படுத்தினால் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால்தான் ஒரு வோல்ட் வரும். இறக்கை முனை காற்றைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று வைத்தால், 4 மீட்டர் காற்றில் என் விசிறி சுமார் 760 சுற்று. முக்கால் வோல்ட். மோட்டாரின் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயரில் மின்சாரம் இரண்டு டையோடைக் கடக்க வேண்டும், சாதாரண சிலிக்கான் டையோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் தின்னும். விசிறி ஜோராகச் சுற்றுகிறது, மல்டிமீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது. அரை மணி நேரம் வயரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதில் கேமரா கிம்பலில், அதாவது கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவியில் வரும் மோட்டார். கேவி 100க்குள், அதே 760 சுற்றில் 7 வோல்ட்டுக்கு மேல். குறைவாக வோல்ட் தின்னும் ஷாட்கி டையோடு, அப்புறம் வோல்ட்டை 5-ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர், பவர் பேங்க். குறை என்னவென்றால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி மெல்லிசு, பலத்த காற்றில் சூடாகும். பழைய பிரிண்டரின் ஸ்டெப்பர் மோட்டாரும் மெதுவான சுற்றில் நல்ல வோல்ட் தரும். ஆனால் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள், டக் டக்கென்று இடறும். அந்த இடறலைத் தாண்டி மெல்லிய காற்றால் அதைக் கிளப்ப முடியாது.

துணியில் செய்து மடித்து வைக்கிற சவோனியஸ் வகை (நிமிர்ந்த தண்டைச் சுற்றி அரை உருளைகள் சுழலும் காற்றாலை) ஆசை காட்டும், எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும். ஆனால் அதன் விளிம்பு கிட்டத்தட்ட காற்றின் வேகத்தில்தான் ஓடும், ஆகவே மேலே சொன்ன வோல்ட் பிரச்சினை இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

மோட்டாரும் இறக்கையும் சேர்ந்து 300 கிராமுக்குள் அடங்கிவிடும். எடை கம்பத்தில்தான். திறந்த வெளியிலேயே, 10 மீட்டர் உயரத்துக் காற்று வேகத்தில் 80 சதவீதம்தான் 2 மீட்டரில் கிடைக்கும். மும்மடி எடுத்தால் திறன் பாதி. அதற்கும் கீழே புதர் மறைக்கும். நான் தனிக் கம்பம் தூக்கவில்லை. நடைக்குக் கொண்டுபோகும் இரண்டு கைத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, நான்கு பக்கமும் டென்ட் கயிற்றால் இழுத்து முளையடித்தேன்.

பிரேக்கை மறக்காதீர்கள். மோட்டாரின் மூன்று வயர்களையும் ஒன்றாக இணைக்கிற ஒரு சுவிட்ச் போதும், சுற்று படுத்துவிடும். காற்று வலுக்கும் முன்பே போட வேண்டும். சார்ஜர் கழன்றுவிட்ட விசிறியின் முனை, நொடிக்கு 15 மீட்டர் காற்றில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டலாம். விரல் போய்விடும்.

தினமும் இடம் மாறி நடப்பவர் என்றால் இதை விட்டுவிடுங்கள். சுமார் 200 கிராம் எடையுள்ள 10000 எம்ஏஎச் பவர் பேங்கில் 37 வாட்-மணி இருக்கிறது. என் விசிறி அதைச் சேர்க்க இரண்டு நாள் ஓட வேண்டும். காற்றுள்ள ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்குகிறீர்கள், வெயிலும் இல்லை என்றால் செய்து பாருங்கள்.

அப்போதும் இறக்கையில் தொடங்காதீர்கள். மோட்டாரை டிரில்லில் மாட்டி 760 சுற்றில் ஓட்டி, டையோடுகளுக்குப் பின்னால் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 5-ஐத் தொடவில்லையா, வேறு மோட்டார் தேடுங்கள்.