நடுங்கும் கையும் கண் அறுவையும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் பயில்கிறேன். கண் அறுவை மருத்துவராக விரும்புகிறேன். ஆனால் இரசாயன ஆய்வுக்கூடத்தில், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் திருகும்போது என் விரல்கள் நடுங்குகின்றன. தோழிகள் கேலி செய்கிறார்கள். வீணை பயின்றால் சரியாகும் என்கிறார் அம்மா. இந்த ஆசையை விட்டுவிடலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நடுங்காத கை யாருக்கும் வாய்த்ததில்லை. நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை அதிரும் நுண்ணிய நடுக்கம் எல்லார் கையிலும் உண்டு. தூக்கமின்மையும் அச்சமும் காப்பியும் அதைப் பெரிதாக்கும். கண் அறுவைப் பயிற்சிக் காலத்தில், நுண்ணோக்கியின் கீழ் என் கருவியின் முனை ஆடுவதைக் கண்டு நான் பிடியை இறுக்க, அது இன்னும் ஆடியது. அருகிலிருந்த மூத்த மருத்துவர், "மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள், முதலில் மூச்சை விடுங்கள்" என்றார்.

கண்புரை அறுவையில், கண்ணின் வில்லையை மூடியுள்ள மெல்லிய உறையின் முன்பக்கமான முன்னுறையில் சுமார் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைக் கிழித்தெடுக்கிறோம். பின்னுறையோ, நடுவில் 0.004 மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ளது. இத்தகைய இடத்தில் அந்தரத்தில் நிற்கும் கையை எவரும் நம்புவதில்லை. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, மணிக்கட்டை நோயாளியின் நெற்றியோரத்திலோ தாங்கியிலோ ஊன்றியபின் விரல்கள் மட்டுமே அசைகின்றன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டும் அம்மாள்களைக் கவனியுங்கள்: முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், வேலை முழுவதும் விரல் நுனியில் நடக்கும். நீங்கள் பியூரெட்டைத் திருகுவதோ நின்றபடி, கையை நீட்டிக்கொண்டு. அடுத்த முறை முழங்கையை ஏதேனும் ஒன்றில் ஊன்றிப் பாருங்கள்.

எங்கள் வேலையில் கால்களுக்கும் பங்குண்டு. ஒன்று நுண்ணோக்கியின் மிதியையும் மற்றொன்று புரையை உடைத்து உறிஞ்சும் இயந்திரத்தின் மிதியையும் இயக்கும். இந்த ஒத்திசைவு பிறவியில் வருவதன்று; பன்றியின் கண்ணிலும் அறுவையைப் போலவே பழகவைக்கும் கணினிக் கருவியிலும் திரும்பத் திரும்பப் பழகியே வருகிறது. வீணை இரு கைகளையும் தனித்தனியே இயக்கப் பழக்கும், ஆயினும் அதை இசைக்காகவே கற்றுக்கொள்ளுங்கள்.

கையைவிட நான் முதலில் கேட்பது கண்களைப் பற்றி. இரு கண்களும் இணைந்து ஆழத்தை உணராவிட்டால், நுண்ணோக்கியின் கீழ் வேலை மிகவும் கடினமாகும். மாறுகண்ணோ சிறுவயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வைக் குறைவோ இருந்தால் இப்போதே பரிசோதியுங்கள். நடுக்கம் கோப்பையைத் தூக்கும்போதும் தெரிந்து, நாளடைவில் கூடினால், அல்லது வீட்டில் வேறு எவருக்கும் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும், அதற்குச் சிகிச்சை உண்டு.