காற்றாலை நாணயம்: வெள்ளியா, முலாமா?

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன் 2014-ஆம் ஆண்டு 5 யூரோ நாணயம் ஒன்று கொடுத்தான். கிண்டர்டைக் காற்றாலைகள் நினைவாக வந்ததாம். முழு வெள்ளியா? லேசாகக் கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா? இங்கே மாற்ற முடியுமா?

பதில்: முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். விபூதி, பற்பசையும் வேண்டாம். இந்த நாணயம் இரண்டு வகையாக வந்தது. ஒன்று வெள்ளி முலாம் பூசிய செம்பு, 10.5 கிராம், 29 மில்லிமீட்டர் விட்டம். மற்றொன்று 92.5 சதவீத வெள்ளி, 15.5 கிராம், 33 மில்லிமீட்டர். அதில் சுத்த வெள்ளி மட்டும் 14.3 கிராம் தேறும். முலாம் மிக மெல்லியது, தேய்த்தால் செம்பு வெளியே தெரிந்துவிடும். முழு வெள்ளியானாலும் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு கீறிப்போகும். அந்தக் கறுப்பு இருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எது உங்களுடையது என்று அறிய நகைக்கடைத் தராசும் ஸ்கேலும் போதும். காந்தம் உதவாது, செம்பும் வெள்ளியும் இரண்டுமே ஒட்டாது. உரைகல்லில் உரைக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், ஓரத்தில் தழும்பு விழுந்துவிடும்.

நாணயத்தில் இருப்பது வெறும் அழகுக் காட்சி இல்லை. கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் நிற்கின்றன. பெரும்பாலானவை 1738-லும் 1740-லும் கட்டியவை. மாவு அரைக்க அல்ல, தாழ்ந்த நிலத்தில் தேங்கும் தண்ணீரை இறைத்து மேலேற்றத்தான். அந்த வேலை நடந்ததால்தான் அங்கே பயிரும் ஊரும் இருந்தன. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதே வரிசையில் 2015-இல் ரோட்டர்டாமின் வான் நெல்லே தொழிற்சாலைக்கும் நாணயம் வந்தது. காபி, தேயிலை, புகையிலை பதப்படுத்திய இடம் அது. என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்து வைப்பது நல்ல யோசனை. தண்ணீரோடு போராடிய நாடும், அதன் துறைமுகத்தில் வளர்ந்த தொழிலும் அடுத்தடுத்து நிற்கும்.

மாற்றுவது? இது நினைவு நாணயம் என்பதால் நெதர்லாந்தில் மட்டுமே செல்லும்; பக்கத்து ஜெர்மனியில்கூட செல்லாது. நம்மூர் வங்கியில் மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். முலாம் வகையானால் சேகரிப்பாளர் தரும் விலைதான். வெள்ளி வகையானால் அன்றைய வெள்ளி விலையை 14.3 கிராமுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே யாரும் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். மெல்லிய, வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், அது பச்சைப் பசை கக்கும். கடினமான நாணயப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே வந்த அட்டையையும் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.