அப்பாவின் கான்டெஸ்ஸாவுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. மாதம் 85,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 28,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாத முதலீடு) 10,000, குடும்பச் செலவு 35,000 போக 12,000 மிஞ்சும். அவசரத்துக்கென்று வங்கியில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. அப்பா 1993-ல் வாங்கிய கான்டெஸ்ஸா கிளாசிக் கார் 2012-லிருந்து ஷெட்டில் நிற்கிறது. அப்பா 2019-ல் தவறிவிட்டார். விடுமுறை நாட்களில் வண்டியை நானே பிரித்துச் சரிசெய்ய ஆசை. ஐந்து லட்சம் ஆகும் என்கிறார்கள். பர்சனல் லோன் போடுவதா, மனைவியின் நகையை அடகு வைப்பதா? பழைய கான்டெஸ்ஸாவுக்கு இப்போது நல்ல விலை, இதுவும் ஒரு முதலீடுதான் என்கிறார் நண்பர்.

பதில்: வண்டியைச் செய்யுங்கள். ஆனால் கடனும் வேண்டாம், நகையும் வேண்டாம்.

ஐந்து லட்சத்தை 14 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,660 ரூபாய். உங்களிடம் மிஞ்சுவதே 12,000. முதல் மாதமே எஸ்ஐபியில் கைவைக்க வேண்டிவரும். வட்டியாக மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும். நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் அது உங்கள் மனைவியின் நகை. வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் முதலில் கைகொடுப்பது அதுதான். காருக்காக அதை வங்கி லாக்கருக்கு அனுப்பாதீர்கள்.

நண்பர் சொல்லும் முதலீட்டுக் கணக்கையும் நான் ஏற்கவில்லை. கான்டெஸ்ஸாவை இந்தியாவின் மசில் கார் என்று கொண்டாடுகிறார்கள், எனக்கும் அந்த நீண்ட பானெட் மேல் தனிப் பிரியம் உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்து 2002-ல் நிறுத்திய கார் அது. நல்ல நிலையில் இருப்பவை குறைவு, தேடுபவர்களும் குறைவு. கேட்ட விலைக்கு வாங்க ஆள் வரும்வரை காத்திருக்க முடிகிறவருக்குத்தான் அந்த விலை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை லாபத்தில் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மை. நஷ்டத்தில் விற்றால் அதைக் கணக்கில் கழிக்கவும் முடியாது. இதை அப்பாவின் நினைவுக்காகச் செய்யும் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புக்கை எடுங்கள். அது இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கும்? வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல், படிவம் 31 ஆகியவற்றோடு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் வண்டி பளபளப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். லட்சங்களைப் போட்டபின் பங்குப் பேச்சு வந்து உறவே முறிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

15 வருடப் பதிவு 2008-லேயே முடிந்திருக்கும். அப்பா அப்போது புதுப்பித்திருந்தாலும் 2013-ல் காலாவதி. 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்றும் விதி இருக்கிறது. உங்கள் வண்டிக்கு அதை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள், பட்ஜெட்டில் அது பெரிய தொகையாக வரலாம். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு 50 வயதான வண்டிகளுக்குத்தான். உங்களுடையதற்கு 2043 வரை அந்தப் பேச்சே இல்லை.

அடுத்து, ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் உள்ளே இருப்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி, தகடு இல்லை. பிறகு மிதியடியைத் தூக்கி, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் உங்கள் ஐந்து லட்சக் கணக்கு தப்பு. இந்த வண்டிக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. அந்த வெல்டிங்கை மட்டும் நல்ல டிங்கரிடம் விடுங்கள்.

பணத்துக்கு வருவோம். தவணையும் குடும்பச் செலவும் சேர்த்து மாதம் 63,000. ஆறு மாதத்துக்கு 3,78,000 கையிருப்பு வேண்டும், உங்களிடம் பாதிகூட இல்லை. மிஞ்சும் 12,000-ல் 5,000 அதற்கு, 7,000 வண்டிக்கு. வண்டிக்குத் தனியாக ஒரு ஆர்.டி. போடுங்கள். 46 மாதத்தில் கையிருப்பு நிறைந்துவிடும், அதன்பின் முழு 12,000-மும் வண்டிக்கு. ஐந்து வருடத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வேலை முடிந்திருக்கும், ஒரு ரூபாய் கடன் இருக்காது. வீட்டில் நீங்களே செய்வதில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான்: பணம் தீர்ந்த மாதம் ஷெட்டைப் பூட்டிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பெயிண்டுக்கு 80,000 முன்பணம் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் பட்டறை வாசலில் வெயிலிலும் மழையிலும் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையின் வரிசையையும் பணமே தீர்மானிக்கட்டும். தாமதக் கட்டணம் ஓடுவதால், பதிவைப் புதுப்பிக்கக் கேட்கும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) தேவையானது முதலில்: அடித்தகடு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பெட்ரோல் டேங்க், வயரிங், விளக்கு, டயர். பெயிண்டும் சீட்டும் கடைசியில். கண்ணாடி பீடிங், கதவுக் கைப்பிடி போன்றவை சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளிலோ வேறெங்கோ கண்ணில் பட்டால் அன்றே வாங்கிவையுங்கள், அடுத்த முறை கிடைக்காது. டீசல் இன்ஜின் மாற்றச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். அனுமதியில்லாமல் மாற்றினால் பதிவிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல். 1.8 இசுசூ பெட்ரோல் இன்ஜின்தான் உங்கள் வண்டியில் இருக்கிறதென்றால் அதுவே அதன் மதிப்பு.

ஒவ்வொரு பில்லையும் போட்டோவோடு ஃபைலில் போடுங்கள். இவ்வளவு பழைய காருக்கு ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) என்பது இன்சூரன்ஸ் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவுசெய்வது, அப்போது அந்த ஃபைல்தான் பேசும். ஆர்டிஓவில் சொன்ன தொகையையும், காந்தம் நழுவிய இடங்களையும் குறித்து எனக்கு எழுதுங்கள். ஐந்து லட்சம் என்ற கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.