அட்வான்ஸை எந்த நிரலில் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் படிக்கிறேன். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்களின் வாடகைச் சுமைதான் என் ஆய்வு. டொரன்டோவில் குடியேறியவர்களைப் பற்றிய கட்டுரைகளை மாதிரியாக எடுத்திருக்கிறேன். அவற்றின்படி, வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் வாடகைக்குப் போனால் அது கட்டுப்படியாகாத வீடு. ஆனால் கொட்டாஞ்சேனையில் நான் கேட்ட பலர் 30க்குள்ளேயே நிற்கிறார்கள். அவர்களுடைய அறைகளைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. எங்கே பிழை விட்டேன்?

ஒரு மாணவி

அன்புள்ள மகள்,

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அந்த 30 அமெரிக்காவில் அரசு வீடுகளுக்கு வைத்த வாடகை வரம்பு. 1969இல் 25 வீதமாக இருந்தது, 1981இல் 30 ஆனது. கனடாவிலும் 30தான், ஆனால் அங்கே வீடு பழுதில்லாமல் இருக்கிறதா, ஆட்களுக்குப் படுக்கையறை போதுமா என்றும் சேர்த்தே பார்ப்பார்கள். நீங்கள் மூன்றில் ஒன்றை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஓர் அறையில் ஆறு பேர் படுத்தால் யாருடைய வாடகையும் 30க்குள் வந்துவிடும்.

அந்த மூன்றும் சேர்ந்தாலும் பிடிபடாத ஒன்று அட்வான்ஸ். 1996இல் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ், அதாவது பெரிய வீட்டோடு ஒட்டிய சிறு வீடு, பார்த்தேன். மாத வாடகை என் சம்பளத்துக்குள் அடங்கியது. வீட்டுக்காரர் ஒரு வருடத்து வாடகையை முன்கூட்டியே கேட்டார், அப்புறம், வடக்கிலிருந்து வந்த தமிழரிடம் அப்போது கேட்ட பொலிஸ் பதிவு இருக்கிறதா என்றார். பதிவுக்கு விலாசம் வேண்டும், விலாசத்துக்கு வீடு வேண்டும். கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நாள்வாடகைக்கு இருந்தேன். மாதக் கணக்குப் பார்த்தால் அனெக்ஸைவிடக் கூடத்தான் போனது. கையில் மொத்தக் காசு இல்லாததற்கு நான் கட்டிய தண்டம் அது.

கொழும்பில் 'தோட்டம்' என்றால் உங்கள் ஊர்த் தோட்டம் இல்லை, நெருக்கியடித்த முடுக்கு வீடுகள். 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தால் வாடகைக்கு இருந்தவர்கள் சிலர் சொந்தக்காரர் ஆனார்கள். பிந்தி வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் அந்த வீடுகளின் மேல்மாடியில் ஓர் அறை எடுப்பார்கள், வாய்ப்பேச்சில், ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல்.

இன்னொரு கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். புறக்கோட்டையில் கடையின் மேல்மாடியிலேயே படுக்கும் பையன்களுக்கு வாடகை பூச்சியம். உங்கள் அட்டவணைப்படி கொழும்பில் அவர்களைவிட வசதியானவர்கள் இல்லை! வேலை போன அன்றைக்கே பாயும் போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் லயத்துக் காம்பராவும் அப்படித்தான், அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்ற கேள்விகள் இருக்கட்டும். எத்தனை மாத அட்வான்ஸ், அதற்கு எதை அடகு வைத்தீர்கள், வீட்டுக்காரரிடம் உங்களுக்காகப் பேசியது யார், இதையும் கேளுங்கள். பேராசிரியர் எண்தான் வேண்டும் என்றால், அட்வான்ஸை மாதச் சம்பளத்தால் வகுத்துக் கொடுங்கள், அதுவும் எண்தானே. ஞாயிறு பின்னேரம் போங்கள். கடைப் பிள்ளைகளை அப்போதுதான் ஆறுதலாகப் பிடிக்கலாம்.