மகளின் மண்டையோட்டு டீஷர்ட்

கேள்வி: என் 16 வயது மகள் ஆறு மாதமாகக் கறுப்பு உடை, கறுப்பு நகப்பூச்சு, மண்டையோடு போட்ட டீஷர்ட் என்றே இருக்கிறாள். கேட்டால் மெட்டல் இசை, அதாவது மின்கித்தாரும் டிரம்ஸும் அதிரும் ராக் இசை, பிடிக்கும் என்கிறாள். சாத்தான் வழிபாடு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், வெறும் ஃபேஷன் என்று சிலர் சிரிக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு தரப்பையும் நம்ப வேண்டாம். இருவருமே டீஷர்ட்டைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

2006-ல் பின்லாந்தின் லோர்டி என்ற மெட்டல் குழு பூத வேடத்தில் மேடையேறி, ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனை வென்றது. நாடே கொண்டாடியது. அங்கே மெட்டல் கேட்பது பெரிய கலகமெல்லாம் இல்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு மொராக்கோவின் காசாபிளாங்காவில் இதே இசையின் பெயரால் 14 இளைஞர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். கறுப்பு டீஷர்ட்டுகள் நீதிமன்றத்துக்கே சான்றாக வந்தன. மேல்முறையீட்டில் பெரும்பாலோர் விடுதலையானார்கள் என்பது வேறு கதை.

இன்னும் வேடிக்கையான உதாரணம் ஸாயிர், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. 1970களில் அதிபர் மொபுட்டு மேற்கத்திய கோட்டும் டையும் அணியக் கூடாது என்றார். உடனே பளபளவென்று கோட்டும் டையுமாகத் தெருவில் நடப்பதே எதிர்ப்பாகிவிட்டது. சப்பர்கள் என்று பெயர் பெற்ற அந்த இளைஞர்களைப் பார்த்தால், நீங்கள் 'எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள்' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எதிலிருந்து விலகி நிற்கிறார்கள் என்பது தெரியாமல் எந்தத் துணைப்பண்பாட்டையும், அதாவது தனக்கென உடையும் ரசனையும் வைத்துக்கொண்ட சிறு கூட்டத்தையும், புரிந்துகொள்ள முடியாது.

ஆகவே உங்கள் மகள் எதிலிருந்து விலகுகிறாள்? வீட்டிலிருந்தா, பள்ளித் தோழிகளின் கேலியிலிருந்தா, அல்லது எதிலிருந்தும் இல்லையா? நேராகக் கேட்டால் பதில் வராது. பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள், முழுதாகக் கேளுங்கள். (காது கொஞ்சம் வலிக்கும்.) யார் அறிமுகப்படுத்தினார்கள் என்ற பேச்சு தானாக வரும்.

டீஷர்ட்டைப் பிடுங்காதீர்கள். 1964-ல் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் மாட்ஸ், ராக்கர்ஸ் என்ற இளைஞர் கூட்டங்களுக்குள் நடந்த கைகலப்புகளைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. அதை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன், அந்தக் கூச்சலே பிளவைக் கெட்டிப்படுத்தியது என்று காட்டினார். வீட்டுக்குள்ளும் இதுதான் நடக்கும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: தூக்கமும் சாப்பாடும் குலைவது, பழைய நட்புகள் எல்லாமே அறுந்துபோவது, உடலில் காயங்கள், ஒரு சாராரைப் பற்றி வெறுப்புப் பேச்சு, குழுவை விட்டு விலகப் பயப்படுவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மனநல ஆலோசகரிடம் போங்கள். அப்போதும் இசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

மண்டையோட்டைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள். அநேகமாக அது ஏதோ ஓர் ஆல்பத்தின் அட்டைப்படமாக இருக்கும்.