வானொலி நிருபர் வேலை: கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இதழியல் முடித்திருக்கிறாள். டிவி வேண்டாம், வானொலிச் செய்தி நிருபராகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வேலூரில் நீங்கள் அந்த வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். இப்போது ரேடியோவில் யார் செய்தி கேட்கிறார்கள்? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

இதை மட்டும் நம்பி முடியாது. தனியார் எஃப்.எம்.கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே போடலாம். ஆக, முதலாளி ஒருவர்தான். அவரும் மாவட்டத்துக்குப் பகுதிநேர நிருபரைத்தான் வைத்துக்கொள்கிறார். ஒப்பந்த வேலை. மாவட்டத் தலைநகரிலோ அதை ஒட்டியோ குடியிருக்கச் சொல்வார்கள், குடியாத்தம் ஒத்துவராது. அந்தக் காலத்திலேயே கூடவே பத்திரிகை, டியூஷன் என்று ஏதாவது ஒன்று பார்த்துத்தான் காலம் ஓட்டினோம்.

யார் கேட்கிறார்கள்? கரண்டும் டவரும் போன ராத்திரியில் கேட்பார்கள். மற்ற நாளில் கூட்டம் குறைவுதான், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள். செய்தி எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அப்போது எத்தனை கனஅடி என்று கடைசி இலக்கம்வரை பேப்பரில் போடலாம். படிப்பவர் மறுபடி பார்த்துக்கொள்வார். ரேடியோவில் அது காற்றோடு போச்சு. விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தில் போகலாமா கூடாதா என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். கனஅடி அப்புறம், அதுவும் 'சுமார் இத்தனை ஆயிரம்' என்ற அளவில். 'அமைச்சர் வருகை தந்து, பார்வையிட்டு, ஆறுதல் கூறி, உத்தரவிட்டு' என்று நீட்டினால் செய்தி வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஊர்ப் பெயரில் இன்னொரு வில்லங்கம். 'திருப்பத்தூரில் கனமழை' என்று மொட்டையாக எழுதினால் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்க்காரரும் குடையைத் தேடுவார். நம்முடையது 2019இல் தனி மாவட்டமாகியும் அந்தக் குழப்பம் தீரவில்லை.

கலெக்டர் ஆபீசில் அரை நாள் உட்கார்ந்து எழுதியனுப்பினால், மாநிலச் செய்தியில் நமக்கு விழுவது நாலு வாக்கியம். சில நாள் அதுவும் இல்லை. மனசு விட்டுப்போகாமல் மறுநாளும் அனுப்புகிறவர்தான் இதில் நிலைப்பார்.

வீட்டில் மிக்ஸி ஓடும்போது அவள் எழுதிய செய்தியை ஒரே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே, என்ன, எப்போது என்று உங்களால் திருப்பிச் சொல்ல முடிந்தால் அடுத்த விளம்பரம் வந்ததும் விண்ணப்பம் போடச் சொல்லலாம்.